பள்ளித் தோட்டத்தில் என்ன கோளாறு? அறிகுறி பார்த்துக் குறை நீக்கும் வழிமுறை

வீட்டுத் தோட்டத்தை ஒருவரோ இருவரோ பார்த்துக்கொள்வார்கள். பள்ளித் தோட்டத்துக்குப் பல கைகள். காலையில் ஒரு வகுப்பு தண்ணீர் ஊற்றிய பாத்திக்கு, அது தெரியாமல் மாலையில் வரும் தன்னார்வலரும் ஊற்றிவிட்டுப் போவார். அதன் பிறகு ஐந்து நாட்களுக்கு யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். தேர்வு வந்தால் மறதி வரும், விடுமுறை வந்தால் கதவு பூட்டப்படும். ஆகவே இங்கே ஒரு செடி நலிந்தால், அதற்கு உரமோ மருந்தோ தேடுவதற்கு முன்பு, அந்தச் செடியைக் கடைசியாக யார் தொட்டார்கள், எப்போது தொட்டார்கள், என்ன செய்தார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. பள்ளித் தோட்டங்களில் வாரம் ஒரு நாள் வேலை செய்துவரும் எனக்கு, நான் கண்ட கோளாறுகளில் பெரும்பாலானவை மண்ணில் தொடங்கியவை அல்ல, முறைவைப்பில் தொடங்கியவை என்றே தோன்றுகிறது.

அதனால் கீழே உள்ள எந்த அறிகுறிக்குப் போவதற்கு முன்பும் ஒரு குறிப்பேட்டைத் தோட்டத்துக்குள்ளேயே, மழை படாத இடத்தில், ஒரு பென்சிலோடு கட்டித் தொங்கவிடுங்கள். தேதி, பாத்தி எண், செய்த வேலை, செய்தவர் என்ற நான்கு விவரங்கள் மட்டும் போதும். அதிகம் கேட்டால் யாரும் எழுத மாட்டார்கள். ஒவ்வொரு பாத்திக்கும் எண் எழுதிய குச்சி ஒன்றை நட்டுவிட்டால், இரண்டாம் வகுப்புக் குழந்தைகூட அந்தக் குறிப்பேட்டில் எழுதிவிடும்.

அறிகுறி: இலைகள் மஞ்சளாகின்றன

பள்ளித் தோட்டத்தில் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். அவசரப்பட்டுத் தவறான விடை கொடுக்கப்படுவதும் இதற்குத்தான். மஞ்சளைக் கண்டவுடன் உரம் போடும் பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். செடியின் எந்தப் பகுதியில் மஞ்சள் தொடங்கியது என்பதைப் பொறுத்தே காரணம் மாறும்.

அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முழுவதும் ஒரே சீராக வெளிறி, மேலே வரும் துளிர்கள் ஓரளவு பச்சையாக இருந்தால், அது தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். தழைச்சத்து செடிக்குள் இடம்பெயரக் கூடியது. போதாக்குறை வந்தால் செடி தன் பழைய இலைகளிலிருந்து அதை எடுத்துப் புதிய துளிர்களுக்குக் கொடுக்கிறது. நன்றாக மட்கிய எருவை இரண்டு விரல் கன அளவுக்கு மேற்பரப்பில் பரப்பி, மேல் மண்ணோடு இலேசாகக் கலந்து, தண்ணீர் விட்டால் இரண்டு மூன்று வாரங்களில் புதிய இலைகளில் மாற்றம் தெரியும். மஞ்சளாகிவிட்ட பழைய இலைகள் மீண்டும் பச்சையாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இதற்கு நேர்மாறாக, இளந்துளிர்கள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. இரும்பு பழைய இலையிலிருந்து நகர்ந்து வராது என்பதால் துளிர்தான் முதலில் பாதிக்கப்படும். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: மண்ணில் இரும்பு இல்லாததால்தான் இந்தக் குறை வருகிறது என்பதில்லை. காரத்தன்மை மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. பள்ளிகளில் புதிய சுவரை ஒட்டியோ, கட்டட வேலை நடந்த இடத்திலோ பாத்தி போடுவது வழக்கம். அந்த மண்ணில் சிமெண்டுத் துகளும் சுண்ணாம்புக் காரையும் கலந்திருக்கும். எனவே கையால் கிளறிப் பாருங்கள். காரைத் துண்டுகள் அகப்பட்டால் எத்தனை உரம் கொடுத்தாலும் பயன் இருக்காது. அவற்றைப் பொறுக்கியெடுத்து, மட்கைத் தாராளமாகக் கலந்து, அப்போதும் சரிவராவிட்டால் அந்த இடத்தில் மண்ணையே மாற்றுவதுதான் வழி.

இந்த இரண்டும் பொருந்தாமல், மேல் கீழ் என்ற வேறுபாடின்றி செடி முழுவதும் மஞ்சளாகி, மண்ணைப் பிடித்தால் சேறாக ஒட்டினால், காரணம் மிகைத் தண்ணீர். குறிப்பேட்டைப் புரட்டினால் ஒரே நாளில் இரண்டு மூன்று பெயர்கள் இருப்பதைக் காண்பீர்கள். குழந்தைகளுக்குப் பூவாளி பிடிக்கும். தண்ணீர் ஊற்றுவதே தோட்ட வேலை என்று அவர்கள் நினைப்பதில் தவறில்லை. அதைத் தடுக்க வேண்டாம். ஊற்றுவதற்கு முன் சுட்டுவிரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டுப்பட்டால் அன்று அந்தப் பாத்திக்குத் தண்ணீர் இல்லை என்ற ஒரே விதியைக் கற்றுக்கொடுங்கள். விரல் விட்டுப் பார்க்கும் வேலை, ஊற்றுவதைவிடப் பெரிய பொறுப்பு என்று சொல்லிக் கொடுத்தால் அதற்குப் போட்டி போடுவார்கள்.

அறிகுறி: செடி வாடித் தொங்குகிறது

எந்த நேரத்தில் வாடுகிறது என்று பாருங்கள். நண்பகல் வெயிலில் தொங்கி, மாலையில் தானாக நிமிர்ந்துவிட்டால் கவலைப்பட வேண்டியதில்லை. அகன்ற இலை கொண்ட பூசணி போன்ற செடிகள் வேர் கொடுப்பதைவிட வேகமாக நீரை ஆவியாக இழக்கும்போது அப்படித் தொங்கும். காலையிலேயே வாடியிருந்தால் மட்டும் மண்ணைத் தோண்டிப் பாருங்கள்.

மேல் மண் ஈரமாக இருந்து, ஒரு சாண் ஆழத்தில் தூசியாக இருந்தால், நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கப்படுகிறது என்று பொருள். இவ்வாறு தெளித்தால் வேர்கள் மேற்பரப்பிலேயே படர்ந்து, ஒரு நாள் வெயிலைக்கூடத் தாங்காத நிலைக்கு வந்துவிடும். நாள்தோறும் தெளிப்பதற்குப் பதிலாக, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஆழம் வரை நனையும்படி, காலை நேரத்தில், இலைமேல் படாமல் அடிமண்ணில் ஊற்றும்படி முறையை மாற்றுங்கள். அடி ஆழம் வரை சேறாக இருந்தும் செடி வாடினால், நீர் தேங்கி வேருக்குக் காற்றுக் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் 30 செ.மீ. ஆழக் குழி தோண்டி நீர் நிரப்பி, அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் அளந்து பாருங்கள். 2 செ.மீ. அளவுக்குக்கூட இறங்காவிட்டால் வடிகால் மோசம்; மேட்டுப்பாத்தி அமைப்பதைத் தவிர வேறு எளிய தீர்வு இல்லை. இந்தச் சோதனையை அளவியல் பாடமாகவே நடத்தலாம் என்பதால், ஆசிரியர்கள் மகிழ்ச்சியோடு நேரம் ஒதுக்கித் தருவார்கள்.

ஈரம் சரியாக இருந்தும் தக்காளியோ கத்தரியோ திடீரென்று பச்சையாகவே வாடிவிட்டால், தண்டை அடிப்பகுதியில் வெட்டி, கண்ணாடிக் குவளையில் உள்ள தெளிந்த நீரில் வெட்டிய நுனி மூழ்கும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டிய இடத்திலிருந்து பால் போன்ற இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். அந்தச் செடிக்கு மருந்து இல்லை. வேரோடும் வேரைச் சுற்றியுள்ள மண்ணோடும் அகற்றி, மட்குக் குழியில் போடாமல் வெளியேற்றி, கருவிகளைக் கழுவி, சில பருவங்களுக்கு அந்தப் பாத்தியில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக் குடும்பத்தை நடாமல் விடுங்கள்.

அறிகுறி: விதை முளைக்கவில்லை, அல்லது முளைத்த நாற்று சாய்ந்துவிடுகிறது

குழந்தைகள் விதையை மிக ஆழமாகப் புதைத்துவிடுவார்கள். விதையின் பருமனைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழமே போதுமானது. கீரை விதை போன்ற நுண்ணிய விதைகளைத் தூவி, மண்ணால் மூடினோம் என்று சொல்லும் அளவுக்கு மட்டும் மூடினால் போதும். விதை பழையதா என்ற ஐயம் இருந்தால், பத்து விதைகளை ஈரத்துணியில் சுற்றி ஒரு வாரம் பத்து நாட்கள் ஈரம் காயாமல் வைத்து, எத்தனை முளைக்கின்றன என்று எண்ணுங்கள். ஐந்துக்குக் கீழே போனால் அந்தப் பொட்டலத்தைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். தான் நட்ட விதை மட்டும் முளைக்காமல் போன குழந்தை அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அது மனத்தை வருத்தும் காட்சி.

முளைத்த நாற்று மண்மட்டத்தில் நூலாக மெலிந்து சாய்ந்தால் அது நாற்றழுகல் என்ற பூஞ்சை நோய். நெருக்கமாக விதைப்பதும், அளவுக்கு மீறி நனைப்பதும், காற்றோட்டமில்லாத வகுப்பறை மூலையில் தட்டை வைப்பதும் சேர்ந்து அந்தப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கின்றன. புதிய மண்ணோடு, கழுவிய தட்டில், இடைவெளி விட்டு மறுபடி விதையுங்கள்.

அறிகுறி: பிடுங்கப் பிடுங்கக் களை வருகிறது

களை வெட்டும் நாள் என்று ஒரு நாளைக் குறித்து, நாற்பது பேரைத் திரட்டி, மாலைக்குள் தரையை வெறுமையாக்கிப் படமெடுத்துக்கொண்டு கலைவது தன்னார்வப் பணியில் அதிகம் காணப்படும் முறை. அந்த உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் வெறுமையாக விடப்பட்ட மண்ணில், கிளறியதால் மேலே வந்த களை விதைகள் வெளிச்சம் பட்டு மூன்றே வாரங்களில் முளைத்துவிடும். களை எடுத்த அன்றே, நிலம் ஈரமாக இருக்கும்போதே, உலர்ந்த இலை, வைக்கோல், மரச்சீவல் என்று கிடைப்பதைக் கொண்டு 5 முதல் 8 செ.மீ. கனத்துக்கு மூடாக்குப் போட்டுவிட வேண்டும். மூடாக்குக்கான பொருள் வந்து சேராத நாளில் களை எடுக்கும் நிகழ்ச்சியைத் தள்ளிவைப்பது நல்லது. மரத்தின் அடித்தண்டில் மூடாக்கு ஒட்டாமல் ஒரு கையகலம் விலக்கி வையுங்கள். இல்லாவிட்டால் பட்டை ஈரத்தில் அழுகும்.

கோரையும் அறுகும் தனி வகை. கோரையை மேலோடு பிடுங்கினால் கிழங்கு அடியில் தங்கி மறுபடி துளிர்க்கும். களைக்கொத்தால் சுற்றித் தோண்டிக் கிழங்கோடு எடுப்பதை வாரந்தோறும் விடாமல் செய்தால் மட்டுமே அது ஓயும். மற்றக் களைகளைப் பொறுத்தவரை, பூக்கும் முன் வெட்டிவிட்டாலே பாதி வேலை முடிந்தது. வெட்டியதில் விதை இல்லாதவற்றை மட்டும் மட்குக் குழியில் சேருங்கள். களைக்கொல்லி மருந்தைப் பள்ளி வளாகத்துக்குள் கொண்டு வரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அங்கே வெறுங்காலோடு ஓடி, மண்ணைத் தொட்ட கையை வாயில் வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

அறிகுறி: விடுமுறை முடிந்து திரும்பினால் தோட்டமே இல்லை

எல்லாப் பள்ளித் தோட்டங்களையும் வீழ்த்துவது இந்த ஒன்றுதான். பூச்சியாலும் நோயாலும் அழிந்த தோட்டங்களைவிட, சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் அழிந்தவை அதிகம். விடுமுறைக்கு ஒரு மாதம் முன்பே தலைமை ஆசிரியரிடம் சென்று, விடுமுறை நாட்களில் உள்ளே வர யாருக்கு அனுமதி, வாயில் சாவி யாரிடம், தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுவது யார், அடிபட்டால் யாரை அழைப்பது என்று கேட்டு, பதில்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் வராது என்பது விடுமுறையின் மூன்றாம் நாள்தான் தெரியவந்த ஒரு தோட்டத்தில், ஓர் ஆண்டு முழுக்க வளர்த்த நாற்றுகளை நாங்கள் இழந்தோம்.

முறைவைப்பு போடும்போது ஒரு வாரத்துக்கு ஒரு குடும்பம் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மாற்று ஆள் ஒருவரையும் எழுதுங்கள். அடுத்த வாரத்தாரிடம் சாவியை நேரில் கொடுத்து, பாத்திகளைச் சுற்றிக் காட்டிய பிறகே ஒருவர் பொறுப்பு முடிகிறது என்று வைத்துக்கொண்டால் சங்கிலி அறுவதில்லை. விளைந்த காய்களை அந்த வாரத்தார் பறித்துக்கொள்ளலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பறிக்காமல் முற்றவிட்டால் வெண்டையும் அவரையும் பூப்பதைக் குறைத்துவிடும் என்பதால், இதில் தோட்டத்துக்கும் நன்மை உண்டு.

ஆள் கிடைக்காத பாத்திகளை அதற்கேற்ப மாற்றுங்கள். மெருகிடாத மண்பானையைக் கழுத்து மட்டும் வெளியே தெரியப் புதைத்து, நீர் நிரப்பி மூடிவிட்டால், நுண்துளைகள் வழியே நீர் கசிந்து சுற்றியுள்ள வேர்களுக்குப் பல நாட்கள் போதும். 2000 ஆண்டுகளுக்கு முன்பே சீனாவில் எழுதி வைக்கப்பட்ட முறை இது. பயிர் முடிந்து வெறுமையாகும் பாத்தியை, கடும் வெயில் காலமாக இருந்தால், நன்கு நனைத்து, நிறமற்ற பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களை மண்ணால் அழுத்தி, 4 முதல் 6 வாரங்கள் விட்டுவிடுங்கள். உள்ளே ஏறும் வெப்பத்தில் பல களை விதைகளும் நோய்க் கிருமிகளும் அழியும். கோரைக் கிழங்கு மட்டும் இதில் முழுதாகச் சாகாது. ஆளில்லாத நாட்களையும் இப்படிப் பயன்படுத்திக்கொள்ள முடிந்தால், திரும்பி வரும்போது செத்த செடிகளுக்குப் பதிலாகத் தயாரான மண் காத்திருக்கும்.

அறிகுறி: மட்குக் குழி நாறுகிறது

அக்கம்பக்கத்து வகுப்பறையிலிருந்து புகார் வந்த அன்றே சரிசெய்யுங்கள், ஏனெனில் இரண்டாவது புகாரில் குழியையே மூடச் சொல்லிவிடுவார்கள். அழுகிய முட்டை நாற்றம் என்றால் காற்று இல்லை, ஈரம் அதிகம். கிளறிவிட்டு உலர்ந்த இலையையோ கிழித்த அட்டையையோ கலக்க வேண்டும். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி என்றால் பச்சைக் கழிவு மிகுதி. ஒரு கூடை பச்சைக் கழிவுக்கு இரண்டு மூன்று கூடை உலர் இலை என்ற அளவுக்குத் திரும்புங்கள். நாற்றமே இல்லாமல், ஆனால் மாதக்கணக்கில் அப்படியே கிடந்தால், குவியல் காய்ந்திருக்கும் அல்லது மிகச் சிறியதாக இருக்கும். ஒரு மீட்டர் நீள, அகல, உயரத்துக்குக் குறைந்த குவியலில் சூடு தங்குவதில்லை. இறைச்சி, எண்ணெய், சமைத்த மிச்சம் எதையும் போட வேண்டாம், எலி வரும். மட்காத சாணத்தை நேரடியாகப் பாத்தியில் இடுவதாக இருந்தால், மண்ணைத் தொட்டு வளரும் காய்கறிகளின் அறுவடைக்கு 120 நாட்களுக்கு முன்பே இட்டு முடித்துவிடுங்கள்.

அறிகுறி: இலைகளில் பூச்சி, ஓட்டை, வெண்மை

துளிரின் அடியில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி கூட்டமாக இருந்து, தண்டில் எறும்புகள் ஏறி இறங்கினால், எறும்புகளை முதலில் கவனியுங்கள். அசுவினி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதை, அதைத் தின்ன வரும் பொறிவண்டுகளிடமிருந்து காக்கின்றன. வலுவான நீர்த்தாரையால் அடித்துக் கழுவுவதே பெரும்பாலும் போதும். மென்மையான சோப்புக் கரைசலைத் தெளிப்பதானால், குழந்தைகள் இல்லாத மாலையில், ஓர் இலையில் சோதித்துப் பார்த்த பிறகு தெளியுங்கள். ஓட்டை விழுந்த இலையில் எச்சம் இருந்தால் புழுவைத் தேடிக் கையால் எடுங்கள். பளபளக்கும் கோடு இருந்தால் அது நத்தை, இரவில்தான் வரும். மாவு தூவியது போன்ற வெண்மை சாம்பல் நோய். பாதித்த இலைகளைக் கிள்ளி, செடிகளுக்கிடையே காற்றோட்டம் கொடுங்கள். தக்காளியின் அடிமுனை கறுத்துத் தோல் போல் இறுகினால் அது நோயே அல்ல: ஒரு நாள் வெள்ளம், மறுநாள் வறட்சி என்று நீர் கொடுத்ததால் சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை. மறுபடியும் குறிப்பேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

அறிகுறி: ஆபத்து என்று சொல்லத்தக்க எதுவும்

இதில் தாமதம் கூடாது. அரளி, ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணி ஆகியவை வளாகத்தில் இருந்தால், எவ்வளவு அழகாகப் பூத்தாலும் அன்றே பள்ளியிடம் சொல்லி அகற்றுங்கள். கையுறை அணிந்து அகற்றி, எரிக்காமல் அப்புறப்படுத்துங்கள். பூவாளி, தொட்டித் தட்டு, கவிழ்ந்த மூடி என்று நீர் தேங்கும் ஒவ்வொன்றையும் வாரம் ஒரு முறை கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள் பாத்திரத்தின் காய்ந்த உட்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால் வெறுமனே கொட்டுவது போதாது. கூரிய கருவிகளை எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்கி, பூட்டி வையுங்கள். ஆசிரியர் உடனில்லாமல் குழந்தைகளோடு தனியாக இருக்க வேண்டிய எந்த வேலையையும் தன்னார்வலர் ஏற்கக் கூடாது. இது யார் மீதும் ஐயம் கொண்டு சொல்வதல்ல, குழந்தைக்கும் தன்னார்வலருக்கும் ஒருசேரப் பாதுகாப்பான ஏற்பாடு.

அறிகுறி: வருவோர் எண்ணிக்கை குறைகிறது

முதல் வாரம் இருபது பேர், ஆறாம் வாரம் மூன்று பேர் என்றானால், மற்றவர்களின் அக்கறையைக் குறை சொல்வதற்கு முன், அவர்கள் வந்தபோது என்ன வேலை கொடுத்தோம் என்று யோசியுங்கள். வந்தவர் கைகட்டி நின்று, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் திரும்பியிருப்பார். வேலைகளைப் பதினைந்து நிமிடம், ஒரு மணி, அரைநாள் என்று பிரித்துக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தால், அழைத்துச் செல்ல வந்த பெற்றோர்கூடக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு பாத்தியின் களையை எடுத்துவிட்டுப் போவார். முதுகு வலிப்பவருக்கு விதைப் பொட்டலங்களைத் தேதி வாரியாக அடுக்கும் வேலை இருக்கிறது. பேச விரும்பாதவருக்கு மட்குக் குழி இருக்கிறது. பொறுப்பாளர் ஒருவரே எல்லாவற்றையும் தலையில் சுமந்தால், அவர் ஊர் மாறும் ஆண்டிலேயே தோட்டம் நின்றுவிடும். அதனால் முதல் ஆண்டிலேயே இரண்டாமவர் ஒருவருக்குக் குழாய் வால்வு எங்கே என்பது முதல் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

அறிகுறி: தோட்டம் செழிப்பாக இருக்கிறது, குழந்தைகளைக் காணோம்

இதையும் கோளாறாகவே எழுதுகிறேன். வரிசை பிசகாத பாத்திகள், ஒரு களை இல்லாத நடைபாதை, வேலி, "தொடாதே" என்ற பலகை. பெரியவர்கள் அதிகமாக உழைத்ததால் குழந்தைகளுக்கு அங்கே வேலை இல்லாமல் போயிருக்கிறது. ஒரு பாத்தியை முழுவதும் அவர்களுக்கு விட்டுவிடுங்கள். கோணலாக நடட்டும்; தக்காளிக்கு நடுவே சூரியகாந்தி வைக்கட்டும்; வேர் வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க நாற்றைப் பிடுங்கினால், திரும்ப எப்படி நடுவது என்று காட்டுங்கள். அந்தப் பாத்தியின் குறிப்புகளை அவர்களே எழுதட்டும், நீங்கள் அதில் திருத்தம் செய்யாதீர்கள். பிடுங்கி நட்ட நாற்று பிழைக்கவில்லையென்றால், எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை பாத்தி எண் நான்கில் என்ன நடந்தது என்று அவர்களே தங்கள் குறிப்பில் தேடிப் பார்ப்பார்கள்.